நண்டு மேசையில் நாச்சியம்மை ஆச்சி

நாச்சியம்மை ஆச்சியை முதலில் சந்தித்த அன்று அவரிடம் திட்டு வாங்கினேன். மலாக்காவின் குருபோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. தங்க இடம் தேடிக் காஜா பெராங் பக்கம் அலைந்தபோது, "ஆச்சியோட பூசைச் சாமான் கடை மாடியில ரூம் காலியா இருக்கு, போய்க் கேளு" என்று கோயில் வாசலில் ஒருவர் கைகாட்டினார். நல்ல மழை. மோட்டார் சைக்கிளைக் கடை முன் நடைவழியான ஐந்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தவன், சொட்டிக்கொண்டிருந்த தலைக்கவசத்தைக் கண்ணில் பட்ட, சிவப்புத் துணி போர்த்திய முதல் மேசையின்மேல் வைத்தேன்.

"ஏய் தம்பி! எடு! எடு மொதல்ல! அது மேசை இல்ல!"

ஊதுபத்திக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். குள்ளமான உருவம், நரைத்த தலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. எடுத்துவிட்டேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மேசை மாதிரித்தான் இருக்கு, ஆச்சி."

"மாதிரி இருந்தா? நீகூடத்தான் படிச்ச பையன் மாதிரி இருக்க. ஈரத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியல."

"படிச்ச பையன்தான் ஆச்சி. இஞ்சினியர்."

அதைச் சொல்லும்போது என் நெஞ்சு தானாக நிமிரும். ஜாசின் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. என் பட்டமளிப்புப் படத்தை அம்மா சாமிப் படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறார்.

"என்னா இஞ்சினியர்? ரோடு போடுறதா?"

"எலெக்ட்ரானிக்ஸ்."

ஆச்சி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு என்னைப் புதிதாகப் பார்த்தார். "பழைய டி.வி. ரிப்பேர் பண்ணுவியா?"

நான்கு வருடம் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? "பண்ணலாம்" என்றேன் கொஞ்சம் விறைப்பாக.

"அப்ப ரூம் உனக்குத்தான். பசியாறிட்டியா?"

பசியாறி முடித்ததும் அந்தச் சிவப்புத் துணியை விலக்கிக் காட்டினார். கீழே கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே, மேல் நோக்கிப் படுத்திருக்கும் ஒரு பழைய தொலைக்காட்சித் திரை. மேசையின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கொரு குட்டைக் கைப்பிடி. எண்பதுகளில் காப்பிக் கடைகளில் இருந்ததாக நான் கேள்விப்பட்டிருந்த வீடியோ கேம் மேசை. கண்ணாடியின் சரி நடுவில், காய்ந்து கல்லாகிப்போன ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. அதன்மேல் குங்குமம் கறுத்துப் போயிருந்தது.

"இதை நீ ஓட வைக்கணும்" என்றார் ஆச்சி. "ஆயுத பூசைக்குள்ள."

ஆச்சியின் அப்பா அண்ணாமலை காரைக்குடிப் பக்கத்திலிருந்து மலாக்காவுக்கு வந்தவர். ஒரு செட்டியாரின் வட்டிக் கடையில் கணக்கெழுதினார். நாடு விடுதலை அடைந்த வருடம் முதலாளி கடையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். கூட இருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். அண்ணாமலைக்கு அந்த மாதம்தான் பெண் பிறந்திருந்தது. கைக்குழந்தையோடு கப்பல் ஏறப் பயந்து, இங்கேயே குடியுரிமை எடுத்துக்கொண்டு, காஜா பெராங்கில் இந்தக் கடையைப் போட்டார். தெருக்காரர்கள் குழந்தைக்கு விடுதலை என்ற பொருளில் மெர்டேக்கா என்று பட்டப்பெயர் வைத்தார்கள். "மெர்டேக்கா, கற்பூரம் குடு" என்று கேட்டவர்கள் உண்டாம். ஆச்சிக்கு வேண்டிய மாப்பிள்ளை ஊரிலிருந்துதான் வரவேண்டும் என்று அப்பா காத்திருந்தார். வந்தவர்கள் கடையைப் பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், போனார்கள். பிறகு வருவதும் நின்றது.

எண்பதுகளின் தொடக்கத்தில் தவுக்கே என்று எல்லோரும் அழைத்த சீன முதலாளி ஒருவர் இந்த மேசையைக் கொண்டுவந்து இறக்கினார். "ஊதுபத்தி வாங்க வர்றவன் ரெண்டு நிமிஷத்தில போயிடுவான். இதை வச்சா உக்காருவான்" என்று அப்பாவிடம் பேசிக் கவிழ்த்துவிட்டார். அவர் சொன்னது நடந்தது. கால்வாய்களுக்குள் ஒரு குட்டிப் படகு முத்துப் பொறுக்கிக்கொண்டு ஓடும். நான்கு நண்டுகள் துரத்தும். அவ்வளவுதான் ஆட்டம். இருபது காசு போட்டால் மூன்று உயிர். விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் இருந்தது. தெருவில் அதை நண்டு மேசை என்றுதான் சொன்னார்கள்.

"அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்கணும் தம்பி. முத்து எடுத்தா டிக், டிக், டிக். நண்டு கிட்ட வந்தா டுடுடுடு. உள்ள அப்பா தேவாரம் படிப்பாரு. தேவாரமும் நண்டும் ஒண்ணாக் கேக்கும். ரெண்டுக்கும் தாளம் ஒத்துப்போற நாளும் உண்டு."

சாயங்காலம் மெழுகுவத்தி நிறத்தில் வெயில் சாயும்போது கடையில் நிற்க இடம் இருக்காதாம். மல்லிகைச் சரத்தின் வாசனை, வியர்வை, சாம்பிராணி. ஒருவன் ஆட, பத்துப் பேர் மேசையைச் சுற்றிக் குனிந்து கத்துவார்கள். தபால் நிலையத்தில் வேலை பார்த்த மாணிக்கவாசகம் முத்திரை மை காயாத விரலோடு வந்து நிற்பாராம்.

முதல் வருட ஆயுத பூசையன்று, தராசுக்கும் கத்தரிக்கும் வைத்ததுபோல மேசைக்கும் அப்பா ஒரு பொட்டு வைத்தார். வைத்தது கண்ணாடியின் நடுவில். நான்கு கால்வாயும் கூடுகிற சந்தி சரியாக அதற்குக் கீழே மறைந்துபோயிற்று. பூசையில் வைத்த பொட்டை நாமாகத் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும் என்பது வீட்டு வழக்கம். பொட்டு உதிரவில்லை. மறு வருடம் அதன்மேலேயே இன்னொன்று.

பல தலைமுறையாக மலாய் பேசும் செட்டிக் கம்போங் கிராமத்து இளைஞர்களுக்குத் தமிழ் வராது. "ஆச்சி, ஈனி அபா? தா நம்பாக் லா!" என்று ஒன்றும் தெரியவில்லையே எனப் புலம்புவார்களாம். அப்பா உள்ளேயிருந்து மலாயில் பதில் சொல்வார்: அது சாமியோட கண்ணு, கும்பிட்டுக்கிட்டு உள்ளே போ. போன படகுகள் பெரும்பாலும் திரும்பி வந்ததில்லை. பொட்டுக்குக் கீழே நண்டு எப்போது வரும், எந்தப் பக்கம் திரும்பும் என்று கண்ணால் பார்க்காமல் சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் நாச்சியம்மை.

அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பார். மத்தியானம் கடை ஓய்ந்தபின் ஐஸ் லோரி ஓட்டும் சேதுபதி வருவார். எதிரில் ஆடுவதற்கு ஆள் இருக்காது. ஆச்சி கல்லாவை விட்டு எழுந்து மேசையின் அந்தப் பக்கம் உட்காருவார். ஒருவர் ஆடும்போது மற்றவர் படத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். உயிர் போனதும் படம் தானே திரும்பி எதிரில் இருப்பவருக்கு நேராகிவிடும். வெளியே லோரியிலிருந்து ஐஸ் உருகிச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். சேதுபதிக்கு நண்டுப் பைத்தியம் என்று தெருவே சிரித்தது.

"அஞ்சு வருசம். சேதுபதியை நான் தோக்கடிக்காத வாரம் கிடையாது. காஜா பெராங் சாம்பியன்னு மாணிக்கம் ஒரு அட்டையில எழுதிச் சுவத்தில ஒட்டினாரு." பிறகு சேதுபதி மூவாரில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். மேசையும் ஒருநாள் கறுத்து நின்றுபோனது. தவுக்கே அதைத் திருப்பிக் கேட்டு வரவே இல்லை.

இத்தனை வருடம் துணி போர்த்தி வைத்திருந்ததை இப்போது ஏன் எழுப்ப வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மேசையின் பின்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவராகவே ஆரம்பித்தார்.

முந்தின மாதம் ஒரு கல்யாண விருந்தில், இலைக்கு எதிரிலை, மாணிக்கவாசகம் உட்கார்ந்திருந்தாராம். பேச்சு பழைய காலத்துக்குப் போனது. "ஆச்சிக்கு இன்னும் சாம்பியன்னு நெனப்பா? சேது வேணும்னே விட்டுக் குடுத்தான். ஐஸ்கட்டியே உருகிப் போச்சு, உங்களுக்கு மட்டும் ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பந்தியே சிரித்தது.

"பாயாசம் எறங்கல தம்பி. யோசிச்சுப் பாரு. இந்தக் கடை அப்பா போட்டது. என் பேரு அப்பத்தா பேரு. கல்யாணம் ஊர்க்காரங்க பேசி ஊர்க்காரங்களே முறிச்சது. நானா ஜெயிச்சதுன்னு சொல்லிக்க என்கிட்ட இருக்கிறது இந்த நண்டு ஒண்ணுதான். அதுவும் ஒருத்தன் போட்ட பிச்சைன்னா, நான் என்னா வாழ்ந்தேன்?"

நான் திருப்புளியை வைத்துவிட்டேன்.

"சேதுபதி ரிட்டயர் ஆயிட்டாரு. இங்க செங் பக்கம் மகன் வீட்ல இருக்காரு. கூப்பிட்டா வருவாரு. நேருக்கு நேர் ஒரு தடவை ஆடணும். மெய்யா ஆடணும். அவ்வளவுதான்."

என் மூளை இஞ்சினியர் மூளை. "ஆச்சி, உள்ளுக்குள்ள எல்லாத்தையும் தூக்கிட்டு ஒரு சின்ன போர்டு வச்சுடலாம். புது ஸ்கிரீன். ஆயிரம் கேம் வரும்" என்றேன்.

"எனக்கு ஆயிரம் எதுக்கு? ஒரு ஆளு, ஒரு நண்டு."

பின்பலகையைத் திறந்தபோது மேசைக்குள்ளிருந்து கோயில் வாசனை வந்தது. பலகைகளின்மேல் ஊதுபத்திச் சாம்பல் ஒரு விரல் தடிப்புக்குப் படிந்திருந்தது. மின்சாரம் தரும் பகுதியில் கெப்பாசிட்டர்கள் வீங்கி வெடித்திருந்தன. கம்பிகளை எலி தின்றிருந்தது. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக மாற்றினேன். திரையில் முதலில் ஒரு பச்சைக் கோடு வந்தது. பிறகு கோடு விரிந்து கால்வாய் ஆனது. புதிய இருபது காசு சிறியது. மேசை அதை அப்படியே வெளியே துப்பியது. ஆச்சி சாமி உண்டியலிலிருந்து பழைய காசுகளைத் தேடி எடுத்துவந்தார்.

டிக், டிக், டிக்.

ஆச்சி கைப்பிடியைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நண்டு இவ்வளவு மெதுவாவா போச்சு?" என்றார் ஏமாந்த குரலில்.

நானும் ஆடிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், முதலில் சலிப்பாக இருந்தது. பல்கலைக்கழக விடுதியில் நாங்கள் ஆடிய ஆட்டங்களில் மலையும் மழையும் கதையும் உண்டு. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதில் ஒரே படம், ஒரே பாட்டு. செத்தால் மறுபடி ஒன்றிலிருந்து. போதும் என்று எழுந்தேன். படியேறும்போது, அந்த வலப்பக்கக் கால்வாயில் திரும்பியிருக்க வேண்டும் என்று தோன்றியது. இறங்கி வந்து இன்னொரு காசு கேட்டேன். ஆச்சி சிரித்தார். மறு வாரத்தில் அவருக்கும் நண்டு மெதுவாகத் தெரியவில்லை. கை பழையதை நினைவுகூர்ந்துவிட்டது. பொட்டுக்குக் கீழே படகை விட்டு மறுபக்கம் எடுக்கும்போது அவர் திரையைக்கூடப் பார்க்க மாட்டார். வாசலில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பார்.

ஆச்சி கூப்பிட்டிருந்த சேதுபதி ஆயுத பூசையன்றே வந்துவிட்டார். மகனின் காடியை ஓட்டிக்கொண்டு, மனைவி மல்லிகாவோடு. உயரமான மனிதர், முதுகு லேசாக வளைந்திருந்தது. மேசை புதுப் பொட்டோடும் பூவோடும் தராசுக்குப் பக்கத்தில் இருந்தது. என் பற்றவைப்புக் கோலுக்கும் பொட்டு வைத்திருந்தார் ஆச்சி.

"வாங்க. உக்காருங்க. ஆனா இன்னைக்கு ஆட்டம் இல்ல. ஆயுதத்தைத் தொடக் கூடாது" என்றார்.

"வெளையாட்டு ஆயுதமா ஆச்சி?"

"எனக்கு ஆயுதம்தான்."

"பாத்தீங்களா," என்றார் மல்லிகா கணவரிடம், "நாளைக்கு வரலாம்னு நான் சொன்னேன்ல? பெட்ரோல் உங்க மகனோடது, உங்களுக்கென்ன." சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுப் போய், மறுநாள் மத்தியானம் மறுபடி வந்தார்கள்.

விஜயதசமி. கற்பூரம் காட்டி மேசையை இயக்கினேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மல்லிகா என் பக்கத்தில் ஸ்டூலில், மடியில் முறுக்குப் பொட்டலத்தோடு.

சேதுபதி கண்ணாடியைப் பார்த்தார். "ஆச்சி, நடுவில இந்தப் பொட்டு. அதுக்குக் கீழ என்னா இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு மறந்து போச்சு."

ஆச்சி விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். நேற்று வைத்ததற்கு அடியில் அந்தப் பழைய கல் பொட்டு. அப்பா காலத்திலிருந்து யாரும் துடைத்ததில்லை. அது இருந்தால் அவர் ஜெயிப்பார். ஆனால் அந்த ஜெயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முந்தானையை விரலில் சுற்றி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, நகத்தால் பெயர்த்துத் துடைத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சந்தி முழுசாகத் தெரிந்தது. வெறும் நீலச் சதுரம்.

"ஆடுங்க. விட்டுக் குடுத்தீங்கன்னா மேசையை உடைச்சுப் போட்டுருவேன்."

முதல் ஆட்டத்தில் ஆச்சி தோற்றார். சந்திக்கு வரும்போதெல்லாம் கை பழக்கத்தில் தயங்கியது. கண் அதை அவசரப்படுத்தியது. இரண்டுக்கும் நடுவில் நண்டு பிடித்தது. அவர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு."

இரண்டாவது ஆட்டத்தில் அவர் சந்தியைப் பார்க்கவே இல்லை. வாசலைப் பார்த்தபடி கடந்தார். ஜெயித்தார். சேதுபதி நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துக்கொண்டார். மூன்றாவது ஆட்டத்தில் முத்து எண்ணிக்கை கிட்டத்தட்டச் சமம். கடைசி உயிரோடு சேதுபதி மூலைக் கால்வாய்க்குள் மாட்டிக்கொண்டார். நான்கு நண்டும் இரண்டு பக்கமும் அடைத்தன.

"அடச் சனியனே! திரும்பு! திரும்புடா! குச்சி இழுக்கல, ஆச்சி, உங்க குச்சி சரியில்ல! இது கள்ளாட்டம்!" கண்ணாடியில் ஓங்கி அடித்தார்.

"வயசுக்கு ஏத்த மாதிரி கத்துங்க" என்றார் மல்லிகா. "பிரஷர் மாத்திரை போடல இன்னைக்கு."

ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். இந்த ஆள் மெய்யாகத்தான் தோற்றிருக்கிறார், சந்தேகமே இல்லை. சிரிப்பு பாதியில் நின்றது.

"சேதுபதி."

"என்னா ஆச்சி?"

"அந்தக் காலத்தில நீங்க ஒருநாளும் இப்படிக் கத்துனதில்ல. தோத்துட்டு, சிரிச்சுக்கிட்டே உக்காந்திருப்பீங்க."

மல்லிகாதான் முறுக்கைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இவரா? இவருக்கு எந்த வெளாட்டும் புடிக்காதே ஆச்சி. வீட்ல நான் தாயக்கட்டையை எடுத்தா இவரு செருப்பைத் தேடுவாரு."

சேதுபதி கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மாணிக்கம் சொன்னது நெசந்தான். நான் ஜெயிச்சா நீ எந்திரிச்சுக் கல்லாவுக்குப் போயிடுவ, நாச்சி. தோத்தா, 'இன்னொரு ஆட்டம்'னு சொல்லுவ. எனக்கு நண்டும் வேணாம், முத்தும் வேணாம். உக்காரத்தான் வந்தேன்."

ஆச்சியைப் பெயர் சொல்லி ஒருவர் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன்.

"நான் வெளாடத்தான் உக்காந்தேன்" என்றார் ஆச்சி மெல்ல.

"தெரியும்."

"தெரிஞ்சேதான் ஐஸை ரோட்ல ஓட விட்டாரா?" என்றார் மல்லிகா. "கல்யாணமாகி இத்தனை வருசத்தில எனக்கு ஒரு கிண்ணம் ஐஸ்கச்சாங் வாங்கிக் குடுத்ததில்ல இந்த மனுசன்." சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். சேதுபதியின் காது சிவந்திருந்தது. ஆச்சி சிரிக்கவில்லை. துடைத்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்து வெற்றிகள் எல்லாம் அந்தக் கண்ணாடிக்குக் கீழே கரைந்துகொண்டிருந்தன என்று நினைத்தேன். இப்படிப்பட்ட நேரத்துக்குப் பட்டப்படிப்பில் பாடம் இல்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ பாத்தீல்ல? இன்னைக்கு அவரு மெய்யாத்தானே ஆடினாரு?"

"மெய்யாத்தான் ஆச்சி. நெத்தியெல்லாம் வேர்த்துடுச்சு."

"ரெண்டு ஆட்டம் நான் ஜெயிச்சேன்."

"ரெண்டு ஆட்டம்."

"அப்ப பழசெல்லாம் செல்லாது. இது செல்லும்." சுவரில் பழுப்பேறிய அந்தச் சாம்பியன் அட்டை இன்னும் இருந்தது. எழுந்து போய் அதை உரித்துக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். திரும்பி வந்து உண்டியல் காசு ஒன்றை எடுத்தார். "இன்னொரு ஆட்டம்?"

"ஐயோ, என்னால முடியாது. முதுகு போச்சு" என்று எழுந்துகொண்டார் சேதுபதி.

"நவுருங்க" என்று மல்லிகா முறுக்குப் பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "இது எப்படி ஓட்டுறது, ஆச்சி? இந்தக் குச்சியா?"

"அதேதான். போற பக்கம் புடிச்சு இழுக்கணும். அங்க போகாத, நண்டு இருக்கு பாரு! பாரும்மா! அடடா."

மல்லிகாவின் முதல் உயிர் அரை நிமிடத்தில் போனது. "ஏய், இது நியாயமா?" என்று அவர் போட்ட சத்தத்தில், ஐந்தடியில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

நாச்சியம்மை ஆச்சிக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. காஜா பெராங்கில் அதே கடையில்தான் பூசைச் சாமான் விற்கிறார். சனிக்கிழமை மத்தியானங்களில் மல்லிகா செங்கிலிருந்து வந்து அவரோடு நண்டு ஆடுகிறார். சேதுபதி எதிர்க்கடையில் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போகக் காத்திருக்கிறார். நான் இன்னும் மாடி அறையில்தான் இருக்கிறேன்.